கடைசி சிங்கிளுக்கு யார் பொறுப்பு?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் ஒரு கேள்வி மனசை விட்டு அகல மறுக்கிறது. “பர்மிட் முறையையே எடுத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் பஸ் விடலாம், போட்டி வரும், எங்கள் ஊருக்கும் பஸ் வந்துவிடும் அல்லவா?” என்று கேட்டிருக்கிறாய். பொருளியல் படிக்கிற பிள்ளைகள் முதல் ஆண்டிலேயே இந்த முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இதற்கு எதிர்ப்பக்கத்தில், எல்லா ரூட்டையும் அரசுப் போக்குவரத்துக் கழகத்திடம் ஒப்படைத்தால் தீர்ந்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இரு தரப்பும் எனக்கு எரிச்சலூட்டுகின்றன. பஸ் யாருடையது என்ற இடத்திலேயே இரண்டும் நின்றுவிடுகின்றன. இரவு எட்டரைக்கு டவுனிலிருந்து கிளம்ப வேண்டிய கடைசி சிங்கிள் (ஒருவழி நடை) வராமல் போனால் யார் பதில் சொல்வது என்ற இடத்துக்கு அவை வருவதே இல்லை. நம் பர்மிட் முறையின் குறை அங்கேதான் இருக்கிறது. ஒரு சாலையில் ஆள் ஏற்றும் உரிமையை அது கொடுக்கிறது. இந்த ஊருக்கு இந்த நேரத்தில் பஸ் வரும் என்ற கடமையையும் காகிதத்தில் எழுதுகிறதுதான், ஆனால் அது தவறும்போது கேட்பதற்கு ஊராருக்கு எளிய வழி எதுவும் இல்லை.

ஒரு மினி பஸ்ஸின் நாளைக் கணக்குப் போட்டுப் பார். பாதை 18 கிலோமீட்டர், லிட்டருக்கு 6 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி என்று வைத்துக்கொள். ஒரு சிங்கிளுக்கு 3 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிய காலத்தில் அதற்கு மட்டும் 270 ரூபாய்க்கு மேல் ஆகிறது. காலை எட்டு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களுமாக 60 பேர் தலைக்குப் பத்து ரூபாய் கொடுத்தால் 600 ரூபாய் கலெக்‌ஷன். மத்தியானம் இரண்டு மணிக்கு எட்டுப் பேர், எண்பது ரூபாய். இரவு எட்டரைக்குப் பதினைந்து பேர் போவார்கள். திரும்பி வர ஆளே இருக்காது, அல்லது வண்டி அங்கேயே நைட் ஹால்ட் போட வேண்டும், டிரைவரும் கண்டக்டரும் ஊர் மந்தையில் படுக்க வேண்டும். முதலாளி எதை வெட்டுவார்? கடைசி சிங்கிளைத்தான். அவரைத் திட்டுவதில் பொருளில்லை. ஆனால் வெட்டிய பிறகு நடப்பதைக் கவனி. ஜவுளிக்கடையில் இரவு எட்டு மணிவரை நிற்கிற பெண்ணுக்குக் காலையில் போக பஸ் உண்டு, திரும்ப இல்லை. அவள் வீட்டில் கடன் வாங்கி ஸ்கூட்டி எடுக்கிறார்கள், அல்லது அவள் வேலையை விடுகிறாள். எப்படிப் பார்த்தாலும் காலை பஸ்ஸில் ஒரு சீட் காலியாகிறது. இரவு நடையின் பதினைந்து பேரில் பெரும்பாலோர் காலை நடையின் 60 பேரில் இருந்தவர்கள். ஆறு மாதத்தில் காலைக் கலெக்‌ஷனும் இறங்கும், அதைக் காட்டி “ரூட்டே நஷ்டம்” என்பார்கள். நடைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஒவ்வொரு சிங்கிளுக்கும் தனித்தனியாக லாப நஷ்டம் பார்க்கிற எந்த முறையும், அரசுடையதோ தனியாருடையதோ, கடைசியில் ஊரைக் கைவிடும்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவை எடுத்துப் படி. ஸ்டேஜ் கேரேஜ் (வழிநெடுக ஆள் ஏற்றி இறக்கும் பஸ்) பர்மிட் கொடுக்கும்போது பொதுமக்கள் நலன், பயண நேரம் மிச்சமாவது, குறிப்பிட்ட பகுதிக்குக் கிடைக்கும் நன்மை, ஏற்கெனவே ஓடும் பஸ்கள் போதுமா என்பதெல்லாம் பார்க்கச் சொன்னது அது. இங்கே நான் கொஞ்சம் நின்றுதான் ஆக வேண்டும், ஏனென்றால் சட்டத் தீர்ப்புத் தொகுதிகளைப் புரட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு 1956ஆம் ஆண்டு சென்னை அரசாணை 1298 ஒரு சுரங்கம். ஒரே பாதைக்குப் பலர் விண்ணப்பித்தால் யாருக்குக் கொடுப்பது என்று அதிகாரிகள் திணறிய காலம். விண்ணப்பதாரர்களுக்கு மார்க் போடும் முறையை அந்த ஆணை கொண்டுவந்தது. எத்தனை பஸ் வைத்திருக்கிறார், வண்டி பழுது பார்க்கச் சொந்தப் பட்டறை உண்டா, பாதைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறாரா அல்லது தொழில் இடம் வைத்திருக்கிறாரா, இந்தத் தொழிலில் அனுபவம் உண்டா என்று கட்டம் கட்டமாக மார்க். 1964இல் ராஜகோபால நாயுடு வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. நீதிமன்றம் போலச் செயல்பட வேண்டிய அதிகாரியை நிர்வாக உத்தரவால் அரசு கட்டிப்போடக் கூடாது என்பது காரணம். வக்கீல்களுக்கு அத்தோடு கதை முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. அந்தக் கட்டங்களைத் திரும்பத் திரும்பப் பார். மார்க் முழுக்க விண்ணப்பித்த மனிதரைப் பற்றியது. ஊருக்கு எத்தனை மணிக்கு வண்டி வரும், மழைக்காலத்தில் நிற்காமல் ஓடுமா, சந்தை நாளில் கூடுதல் நடை உண்டா என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. 47ஆம் பிரிவு ஊரைப் பற்றிப் பேசியது. நடைமுறைக்கு வந்தபோது அது முதலாளியின் தகுதித் தேர்வாகச் சுருங்கிப்போனது. ஆணையை நீதிமன்றம் அடித்துவிட்டாலும் அந்த மனப்போக்கு அடிபடவில்லை. இன்றும் பர்மிட் என்றால் ‘யாருக்குக் கிடைத்தது’ என்றுதான் ஊரில் பேச்சு, ‘என்ன வாக்குறுதியின் பேரில் கிடைத்தது’ என்று யாரும் கேட்பதில்லை. நம் பஸ் வரலாற்றின் பாதிக் குழப்பத்துக்கு இதுதான் வேர் என்பது என் துணிபு. சக ஆசிரியர்கள் நான் இதைப் பெரிதுபடுத்துகிறேன் என்பார்கள். தீர்ப்பை முழுதாகப் படித்துவிட்டு அவர்கள் பேசட்டும்.

உன் போட்டி வாதத்துக்கு வருகிறேன். அது ஏற்கெனவே சோதிக்கப்பட்டுவிட்டது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், ஏற்கெனவே ஓட்டுகிறவர்கள் புதியவருக்கு எதிராக ஆட்சேபம் போடும் வழியை நீக்கியது. 80ஆம் பிரிவில், விண்ணப்பத்தைச் சாதாரணமாக மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. மிதிலேஷ் கார்க் வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே சட்டத்தின் ஆறாம் அத்தியாயம் அரசுக் கழகங்களுக்கென அறிவித்த பாதைகளில் மற்றவர்களைத் தடுத்தது என்பதால், கதவு முழுதாகத் திறக்கவில்லை என்று நீ சொல்லலாம். சரி, முழுதாகத் திறந்த நாட்டைப் பார்ப்போம். பிரிட்டனில் 1930 முதல் ரூட் உரிமம் இருந்தது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் 1986 அக்டோபர் 26 அன்று லண்டனுக்கு வெளியே அது நீங்கியது. தகுதி உரிமம் பெற்ற யாரும் பதிவு செய்துவிட்டு ஓட்டலாம், முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு நிறுத்தலாம். ஆள் நிறைந்த சாலைகளில் வண்டிகள் முட்டி மோதின. லாபமில்லாத நடைகளை உள்ளாட்சி மன்றங்கள் பணம் கொடுத்து டெண்டரில் ஓட்ட வேண்டியதாயிற்று. 2010க்குப் பிறகு மன்றங்களின் நிதி சுருங்கியபோது முதலில் காணாமல் போனவை கிராமப்புற, மாலை நேர நடைகள்தான். லண்டனில் மட்டும் நேர அட்டவணையை ஒரு பொது அமைப்பு வகுத்து, ரூட் வாரியாக ஏலம் விட்டுத் தனியார் கம்பெனிகளிடம் ஓட்டக் கொடுத்தது. அங்கே பயணிகள் பெருகினார்கள், வெளியே குறைந்தார்கள். லண்டன் நெருக்கமான நகரம், அரசுப் பணமும் அங்கே அதிகம் என்ற மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் கிரேட்டர் மான்செஸ்டர் 2023 செப்டம்பர் முதல் ஏன் லண்டன் வழிக்குத் திரும்பியது என்பதையும் யோசி. போட்டி வேண்டும்தான். அது சாலையில் பயணியை இழுப்பதற்கு நடக்கக் கூடாது. அட்டவணையை யார் சரியாக, மலிவாக நிறைவேற்றுவது என்பதற்கு மேசையில் நடக்க வேண்டும்.

நம் மினி பஸ் திட்டத்தை இந்தக் கண்ணோடு பார். 1997இல் கலைஞர் அரசு கொண்டுவந்தபோது, பஸ் போகாத சாலையில் 16 கிலோமீட்டரும் பஸ் ஓடும் சாலையில் 4 கிலோமீட்டரும் ஓட்டலாம் என்று வைத்தார்கள். நோக்கம் நல்லது: கழக பஸ்களின் வருமானத்தில் கை வைக்காமல் குக்கிராமங்களைத் தொடுவது. ஆனால் கிராமத்தில் ஏறுகிறவர் நாலாவது கிலோமீட்டரில் இறங்குவதற்கு ஏறவில்லை. அவருக்கு ஜி.எச். போக வேண்டும், தாலுகா ஆபீஸ் போக வேண்டும், பஸ் ஸ்டாண்டில் இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கிவைத்த புதிய விரிவான திட்டம் பாதையை 25 கிலோமீட்டராக்கி, அதில் 65 சதவீதம் பஸ் இல்லாத சாலையாக இருந்தால் போதும் என்று தளர்த்தியிருக்கிறது. இது முன்னேற்றம்தான், வரவேற்கிறேன். ஆயினும் அளவுகோல் மாறவில்லை. கிலோமீட்டரைத்தான் இன்னமும் அளக்கிறோம். காலை ஒரு வண்டி வந்துபோகிற ஊரும் மணிக்கு ஒரு வண்டி வருகிற ஊரும் சாலைக் கணக்கில் ஒன்றாகிவிடலாம், வாழ்க்கைக் கணக்கில் ஆகாது. ஒரே பாதைக்குப் பலர் கேட்டால் குலுக்கல் என்பதும் அப்படித்தான். சிபாரிசையும் கவரையும் அது தடுக்கிறது, அந்த அளவுக்குக் குலுக்கலை மதிக்கிறேன். ஆனால் இரவு நடையை விடாமல் ஓட்டத் தயாரானவரையும், காலை இரண்டு நடையோடு வண்டியைக் கல்யாண வாடகைக்கு விட நினைப்பவரையும் சீட்டுக்குப் பிரித்தறியத் தெரியாது.

நான் சொல்லவருவது இதுதான். வழங்குகிற அலகு ஒற்றை ரூட்டாக இருப்பதை விட்டு, ஒரு வட்டாரத்தின் முழு நேர அட்டவணையாக வேண்டும். வருமானம் கொழிக்கிற இரண்டு பாதையும் மெலிந்த மூன்று பாதையும் சேர்ந்த ஒரு கட்டு. அதில் முதல் நடை, பள்ளி நடை, கடைசி சிங்கிள் இவை கட்டாயம். ஓடிய மெலிந்த நடைக்குக் கிலோமீட்டர் கணக்கில் அரசு பணம் தரும், ஓடாத நடைக்குப் பிடித்துக்கொள்ளும், தொடர்ந்து தவறினால் கட்டு அடுத்தவருக்குப் போகும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 70ஆம் பிரிவு, விண்ணப்பத்தில் பாதையோ பகுதியோ குறிப்பிடலாம் என்கிறது, தினசரி நடைகளின் எண்ணிக்கையையும் அட்டவணையையும் கேட்கிறது. 72ஆம் பிரிவு அவற்றை நிபந்தனையாக்க இடம் தருகிறது. 2019 திருத்தம் 67ஆம் பிரிவில், கிராமப்புறப் போக்குவரத்துக்கும் கடைசி மைல் இணைப்புக்கும் மாநில அரசே தனித் திட்டம் வகுத்து உரிமம் வழங்கலாம் என்று வெளிப்படையாகவே சேர்த்துவிட்டது. அட்டவணை எழுதக் கையிருக்கிறது, காகிதமும் இருக்கிறது. எழுதாததற்குச் சட்டத்தைக் காரணம் காட்டுவது சோம்பல்.

கழகத் தொழிலாளர்கள் இதைப் பின்வாசல் வழியாகத் தனியார்மயம் என்பார்கள். அவர்கள் அச்சம் வெறும் சங்கப் பேச்சு இல்லை. பெரிய தனியார் பஸ் கம்பெனிகளை அரசுடைமையாக்கிய 1971ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 1972இல் பல்லவன் முதலான கழகங்கள் பிறந்ததையும் தொடர்ந்துதான் எத்தனையோ சிற்றூர்களுக்கு டவுன் பஸ் போனது. நெடுஞ்சாலைக் கலெக்‌ஷன் ஒற்றையடிச் சாலையின் நஷ்டத்தைத் தாங்கியது. அதை மறுப்பவர் நன்றி மறந்தவர். ஆகவே கட்டுகளில் பாதியைக் கழகமே எடுக்கட்டும், அதே நிபந்தனையோடு, அதே கிலோமீட்டர் பணத்தோடு. இப்போது ஆண்டுக் கடைசியில் மொத்த நஷ்டமாகக் காட்டி வாங்குகிற பணம், எந்த ஊரின் எந்த நடைக்கு என்று தெரிந்தே வரும். கழகத்துக்கு அது அவமானம் இல்லை, கவசம்.

பணம் எங்கே என்பது அடுத்த ஆட்சேபம். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்கள் கட்டணம் இல்லாமல் போகிறார்கள், அந்தச் செலவை அரசு கழகங்களுக்கு ஈடுகட்டுகிறது. பயணத்துக்கு அரசு பணம் தரலாம் என்ற கொள்கையை நாம் ஏற்கெனவே ஏற்றுவிட்டோம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் தனியார் மினி பஸ் மட்டும் போகிற ஊரில் கூலிக்காரப் பெண் காசு கொடுக்கிறாள். அவள் உரிமை வண்டியின் சொந்தக்காரரைப் பொறுத்து மாறுவது எந்த நியாயத்திலும் சேராது. அட்டவணைக்கு ஒப்பந்தம் என்று வந்தால் இந்தச் சலுகையையும் அதிலேயே எழுதிவிடலாம். இலங்கையில் இதற்கு ஒரு முன்மாதிரியே உண்டு. அங்கே தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு, பள்ளி மாணவருக்கு ‘சிசு சரிய’, வருமானமில்லாத கிராமப் பாதைக்கு ‘கெமி சரிய’, இரவு நேரத்துக்கு ‘நிசி சரிய’ என்று குறிப்பிட்ட நடைகளுக்கே மானியம் கொடுக்கிறது. இலங்கைப் போக்குவரத்துச் சபையும் தனியாரும் அவற்றை ஓட்டுகிறார்கள். இரவு நடைக்கென்று தனியாகப் பெயரும் பணமும் ஒதுக்க ஒரு சிறு நாட்டால் முடிந்திருக்கிறது.

ஓடாத நடையை ஓடியதாகக் கணக்குக் காட்டுவார்களே என்று நீ கேட்பாய். பொதுப் போக்குவரத்து வண்டிகளில் இருப்பிடம் காட்டும் கருவி 2019 ஜனவரி முதல் மத்திய விதிகளில் வந்துவிட்டது. அந்தக் கருவி காட்டுவதை ஆர்.டி.ஓ. ஆபீஸ் மட்டும் பார்த்தால் போதாது. எந்த நாளில் எந்த நடை ஓடவில்லை என்ற பட்டியல் மாதம் ஒருமுறை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும், கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். அதன்மீது சபை போடும் தீர்மானம் பர்மிட் புதுப்பிக்கும்போது கோப்பில் இருக்க வேண்டும். ஊர்ச் சண்டை இதில் புகும் என்பார்கள். புகட்டும். இன்று அந்தச் சண்டைக்குக்கூட இடமில்லாமல் ஊரார் பஸ்ஸை மறித்துச் சாலையில் உட்கார வேண்டியிருக்கிறது.

அடுத்த கடிதத்துக்குள் ஒரு வேலை செய். உன் ஊருக்கு வருகிற ஒவ்வொரு பஸ்ஸும் வந்த நேரத்தை ஒரு வாரம் எழுதிவை. அவற்றின் பர்மிட்டில் எழுதியுள்ள அட்டவணையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கு. உங்கள் மாவட்டத்தில் பர்மிட் வழங்கும் அதிகாரம் கலெக்டரிடம் இருக்கிறது, மனு அவருக்கு எழுது. “பஸ் வசதி செய்து தர வேண்டுகிறோம்” என்ற பழைய மனு வேண்டாம். எந்த நடை, எத்தனை மணி, எத்தனை நாள் தவறியது என்று மட்டும் எழுது. நோட்ஸ் புத்தகங்களைத் தொடாதே. 67, 70, 72 பிரிவுகளை மூலத்தில் படித்துவிட்டு வா.

அன்புடன்,
உன் ஆசிரியர்