சாயம் இல்லாத நிறம்

சில பூச்சிமருந்துப் புட்டிகளில் மினுமினுப்பான சிறு முத்திரை ஒட்டியிருக்கும். வாக்காளர் அடையாள அட்டையிலும் பார்த்திருப்பீர்கள். சாய்த்தால் பச்சை. இன்னும் சாய்த்தால் சிவப்பு. இதன் பெயர் ஹோலோகிராம்.

இந்த நிறம் எங்கிருந்து வருகிறது? மினுங்கும் இடத்தில் வண்ண மை இல்லை. கண்ணுக்குத் தெரியாத வரிப்பள்ளங்கள்தான் இருக்கின்றன. உழவுச் சால் போல வரிசையாக இருக்கும். ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் ஏறக்குறைய 1,000 வரிகள்! வெள்ளை ஒளியில் எல்லா நிறங்களும் கலந்துள்ளன. அந்த ஒளி சால்களில் பட்டுத் திரும்பும்போது, நிறங்கள் தனித்தனித் திசையில் பிரிந்து போகின்றன.

முதலில் லேசர் ஒளியால் வரிகளைப் பதிக்கிறார்கள். அவற்றின்மேல் நிக்கல் உலோகத்தைப் படியவைத்து உரித்தால் அச்சு கிடைக்கும். அச்சைச் சூடாக்கிப் பிளாஸ்டிக் தாளில் அழுத்துகிறார்கள். கொழுக்கட்டை அச்சு மாவில் பதிவது போலத்தான். ஓர் அச்சிலிருந்து ஆயிரக்கணக்கில் எடுக்கலாம்.

போலி மருந்து அடித்தால் பூச்சி சாகாது. பயிர் போகும், கடன்தான் நிற்கும். ஆனால் மினுங்குவதெல்லாம் முத்திரை அல்ல. வெறும் மினுக்குத் தாள் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. சாய்க்கும்போது உள்ளே எழுத்தோ உருவமோ மாறுகிறதா என்று பாருங்கள். உரித்து ஒட்டிய அடையாளம் உண்டா என்றும் பாருங்கள். காலாவதித் தேதியைப் படியுங்கள். ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்.

மயில் தோகையின் நீலமும் சாயம் அல்ல. இறகை நன்றாக அரைத்தால் பழுப்புத் தூள்தான் மிஞ்சும். இறகுக்குள் மிக நுண்ணிய கறுப்புக் குச்சிகள் அடுக்காக உள்ளன. அடுக்கின் இடைவெளி மாறினால் நிறமும் மாறும். பனங்காடையின் நீல இறகைப் பற்றி சர் சி. வி. ராமன் 1934-இல் ஆராய்ந்து எழுதினார்.

அச்சே இல்லாமலும் இப்படி அடுக்கலாம். ஒரு தட்டில் கடுகைப் பரப்பி மெல்லத் தட்டுங்கள். மணிகள் தாமாகவே நெருங்கி நிற்கும். ஓபல் என்னும் மணிக்கல் இப்படி உண்டானதுதான். நீரில் இருந்த நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் மெல்லப் படிந்து கல்லாயின. 1964-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கி இதைக் காட்டியது.

இன்று ஆய்வுக்கூடங்களிலும் இதைச் செய்கிறார்கள். ஒரே அளவான உருண்டைகளை நீரில் கலந்து, நீரை மெதுவாக வற்றவிடுகிறார்கள். அவசரப்பட்டால் அடுக்கு கலையும், நிறம் மங்கும். சிறிய உருண்டை நீலம் தரும். சற்றுப் பெரியது சிவப்புத் தரும். சாயம் வெயிலில் வெளுக்கும்; இங்கே வெளுப்பதற்குச் சாயமே இல்லை.