ஜி. வி. ராஜா

ஆடுகளத்திலிருந்து வியர்வையோடு திரும்பும் நம் நண்பர்களுக்கு ஜி. வி. ராஜா என்பது ஒரு விருதின் பெயர். ஒரு விளையாட்டுப் பள்ளியின் பெயர். அம்மனிதர் யார் என்று கேட்டால் விழிக்கிறார்கள். ஆய்வுக்கூடமே கதி என்றிருந்த நானும் விழித்தவன்தான்.

கோதவர்ம ராஜா 1908 அக்டோபர் 13-ஆம் நாள் பூஞ்ஞாற்று அரச குடும்பத்தில் பிறந்தார். அக்குடும்பத்தார் தம்மைப் பாண்டியர் வழியினர் என்பர். அவ்வூரில் மீனாட்சி கோயிலும் உண்டு. (மதுரை நண்பர்கள் மகிழ்க!)

சென்னையில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்தவரை 1934-இல் திருமணம் திருவனந்தபுரத்துக்கு அழைத்து வந்தது. மணமகள், மன்னர் சித்திரைத் திருநாளின் தங்கை கார்த்திகைத் திருநாள் லட்சுமி பாயி. படிப்பு பாதியில் நின்றது.

இவ்விடத்தில் மருமக்கள் தாய முறையை அறிந்துகொள்ளுதல் வேண்டும். திருவிதாங்கூரில் அரசுரிமை தாய்வழிச் செல்வது. மன்னனுக்குப் பின் பட்டம் அவன் மகனுக்கன்று. தம்பிக்கு, தம்பி இல்லையேல் தமக்கை தங்கையரின் மகனுக்கு. நம் ஊரில் தாய்மாமனுக்குக் காதுகுத்தில் முதலிடம். இங்கோ அரியணையையே மாமன்தான் மருமகனுக்கு விட்டுச் செல்கிறான். ஆகவே அரசியின் கணவர், வருங்கால மன்னனுக்குத் தந்தையாகலாம். தாம் ஒருநாளும் மன்னராக மாட்டார். பிள்ளைகளும் தாயின் குலத்தவரே. அரண்மனையில் இருந்தும் அதன் உரிமையில் பங்கற்ற நிலை அது.

அந்நிலையில் உண்டு உறங்கிக் காலம் கழித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிரார். அவரோ திருவிதாங்கூர்ப் படையில் சேர்ந்து லெப்டினன்ட் கர்னல் ஆனார், டென்னிஸ் ஆடினார், விமானம் ஓட்டினார். 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன, மன்னராட்சி மறைந்தது. அரசவைப் பெருமையை மட்டும் நம்பியிருந்தவர்க்கு அன்றோடு வேலை முடிந்தது. இவருக்கோ முடியவில்லை. 1954-இல் அமைந்த விளையாட்டுக் கவுன்சிலின் முதல் தலைவராகி, இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார். கோவளம் கடற்கரைக்கு வெளிநாட்டார் வரலாயினர் என்றால் அதிலும் இவர் கைவண்ணம் உண்டு.

அரண்மனை உறவு இல்லாதிருந்தால் இத்தனை கதவுகள் திறந்திருக்குமா? திறந்திரா என்றே நினைக்கிறேன். ஆனால் அதே உறவு வாய்த்த எத்தனை பேர் ஊருக்கு ஓர் ஆடுகளம் கேட்டு அக்கதவைத் தட்டினார்கள்?

1971 ஏப்ரல் 30-ஆம் நாள் குலு பள்ளத்தாக்கில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார், அகவை 62. அவர் பிறந்தநாளே கேரளத்தின் விளையாட்டு நாள். அவருடைய மகன் மூலம் திருநாள் ராமவர்மா 2013-இல் திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தலைவரானார். தந்தை வழியில் அன்று, தாய்வழியில்.