நூலில் ஓர் ஏணி

(மூன்றாமாண்டு, இளங்கலைக் கணிதம்)

இரு முனைகளையும் சேர்த்து முடிந்த ஒரு நூல், பத்து விரல்கள். இவற்றைக் கொண்டே கட்டில், ஏணி, பறவை எனப் பல உருவங்களைச் சமைக்கும் விளையாட்டு உலகின் பல பகுதிகளிலும் உண்டு. "சிறுபிள்ளை விளையாட்டுக்குக் கல்லூரி மலரில் ஒரு கட்டுரையா?" என்று நண்பர்கள் கேட்கலாம். என் தோல்வி ஒன்றே இதை எழுதத் தூண்டியது.

நான் சிறுவனாக இருந்தபோது என் அப்பத்தா பூக்கட்டும் நூலை முடிந்து, நொடிப்பொழுதில் 'கட்டில்' செய்து காட்டுவார். பார்த்து மகிழ்ந்தேனேயன்றிக் கற்றுக்கொள்ளவில்லை. சென்ற ஆண்டு பக்கவாதத்தால் அவருடைய இடக்கை செயலிழந்தது. விடுமுறைக்கு ஊர் சென்றபோது, "அந்தக் கட்டில் எப்படி அப்பத்தா?" என்று கேட்டேன். "கைக்குத்தான்டா தெரியும், வாய்க்குத் தெரியாதே" என்றார். கட்டிலின் வடிவம் என் நினைவில் அப்படியே இருந்தது. அதைத் தாளில் வரைந்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் முயன்றும் செய்ய முடியவில்லை.

காரணத்தை எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் விளக்கினார். நூலை அறுக்காமலும் புதிதாக முடியாமலும் செய்வதால், எவ்வளவு சிக்கலாகத் தோன்றினாலும் நூலுருவம் கணிதப்படி அதே எளிய வளையந்தான். விரல்களை எடுத்தால் மறைந்துவிடும். முடிந்த உருவம், தான் பிறந்த வழியைக் கூறுவதில்லை. செயல்களின் வரிசையைப் பதிவு செய்யாவிடில், கையோடு அதுவும் போய்விடும்.

மானிடவியல் அறிஞர்களும் இதை எண்ணிப் பார்த்தனர். 1888இல் பிரான்ஸ் போவாஸ், எஸ்கிமோ மக்களின் நூலுருவங்களைச் செய்முறையுடன் வெளியிட்டார். 1898இல் டாரஸ் நீரிணைக்குச் சென்ற கேம்பிரிட்ஜ் குழுவைச் சேர்ந்த ஹாடனும் ரிவர்ஸும், 1902இல் ஒரு குறிப்பு முறையை வகுத்தனர். 'முன், பின்' என்று சொன்னால் கை திரும்பியதும் பொருள் மாறிவிடும். ஆகவே கையையே அளவுகோலாகக் கொண்டு, பெருவிரல் பக்கம், சுண்டுவிரல் பக்கம், உள்ளங்கை, புறங்கை என்று நூலின் இடத்தைக் குறித்தனர். இம்முறையைக் கையாண்டு ஜெய்ன் அம்மையார் 1906இல் ஒரு பெருநூலை எழுதினார். சென்னை மாகாண மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், குஜராத், கத்தியவார் பகுதிகளின் நூலுருவங்களைப் பற்றி 1932இல் எழுதியுள்ளார்.

பேராசிரியர் தந்த ஜெய்ன் அம்மையாரின் நூலிலிருந்து நான் முதலில் கற்றது 'ஏணி'. 1904இல் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் ஓசேஜ் என்னும் அமெரிக்கப் பழங்குடியினர் ஒருவரிடமிருந்து பெற்றது. ஹவாய்த் தீவினரும் இதனை அறிவர்.

சுமார் இரண்டு மீட்டர் நூலை எடுத்து முனைகளை முடிந்துகொள்ளுங்கள். உள்ளங்கைகள் எதிரெதிரே இருக்கட்டும். விரலைச் சுற்றிய நூலுக்குக் கண்ணி என்று பெயர். கண்ணியில் பெருவிரல் பக்கம் இருப்பது அண்மை நூல். சுண்டுவிரல் பக்கம் இருப்பது சேய்மை நூல்.

1. இரு கைகளிலும் பெருவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் பின்னால் நூலை மாட்டுங்கள். உள்ளங்கையின் குறுக்கே ஒரு நூல் ஓடும். வலச் சுட்டுவிரலால் இட உள்ளங்கை நூலை எடுங்கள். பிறகு, வலச் சுட்டுவிரல் கண்ணியின் உள்ளே இடச் சுட்டுவிரலைச் செலுத்தி, வல உள்ளங்கை நூலை எடுங்கள்.

2. பெருவிரல்களை விடுவியுங்கள்.

3. பெருவிரல்களை எல்லா நூல்களுக்கும் கீழே செலுத்தி, சுண்டுவிரலின் சேய்மை நூலை எடுத்துத் திரும்புங்கள்.

4. பெருவிரல், சுட்டுவிரலின் அண்மை நூலுக்கு மேலாகச் சென்று, சேய்மை நூலைக் கீழிருந்து எடுக்கட்டும்.

5. சுண்டுவிரல்களை விடுவியுங்கள்.

6. சுண்டுவிரல், சுட்டுவிரலின் அண்மை நூலுக்கு மேலாகச் சென்று, பெருவிரலின் சேய்மை நூலைக் கீழிருந்து எடுக்கட்டும்.

7. பெருவிரல்களை விடுவியுங்கள்.

8. பெருவிரல், சுட்டுவிரலின் இரு நூல்களுக்கும் மேலாகச் சென்று, சுண்டுவிரலின் அண்மை நூலைக் கீழிருந்து எடுக்கட்டும்.

9. சுட்டுவிரலின் அண்மை நூலை மறுகையால் இழுத்து, பெருவிரலிலும் மாட்டுங்கள்.

10. பெருவிரலில் இப்போது இரண்டு கண்ணிகள் இருக்கும். கீழ்க்கண்ணியை மட்டும் மேற்கண்ணிக்கு மேலாகத் தூக்கிக் கழற்றுங்கள்.

11. பெருவிரலருகே தோன்றும் சிறு முக்கோணத்தில் சுட்டுவிரலை மேலிருந்து நுழையுங்கள். சுண்டுவிரல்களை விடுவித்து, உள்ளங்கைகள் வெளியே பார்க்கும்படி திருப்பி விரியுங்கள்.

நான்கு சாய்சதுரங்கள் வரிசையாய் நிற்கும். பத்தாம் படியில் நான் பலமுறை தோற்றேன். மேற்கண்ணியைக் கழற்றியதே பிழை. மெதுவாகச் செய்தால் அப்பிழை நேராது.

ஏணி கைவந்ததும் மீண்டும் ஊருக்குச் சென்றேன். அப்பத்தாவின் இடப்புறம் அமர்ந்து, அவருடைய இடக்கைக்குப் பதிலாக என் இடக்கையை நீட்டினேன். நூலை மாட்டியதும் அவருடைய வலக்கை தானாகவே நகரத் தொடங்கியது. என் கை அதைப் பின்பற்றியது. ஐந்து படிகள் வந்தன. ஆறாவதில் கை நின்றுவிட்டது. "இந்த எடத்துல எடது கைதான் முன்னால போகும். அதுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலையேடா" என்றார்.

அந்த ஐந்து படிகளையும் ரிவர்ஸ், ஹாடன் முறைப்படி குறிப்பேட்டில் எழுதி வைத்துள்ளேன். மீதியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்களே! ஒரு முழம் அல்ல, நான்கைந்து முழம் நூலும் ஒரு குறிப்பேடும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அறிந்த உருவங்களைச் செய்யச் சொல்லி, படிப்படியாக எழுதிக்கொள்ளுங்கள். அவற்றுள் 'கட்டில்' ஒன்று இருந்தால், தவறாமல் எனக்குச் சொல்லுங்கள்.