கிடங்கில் மேலாண்மை பயிலலாமா? லாஜிஸ்டிக்ஸ் அப்ரண்டிஸ்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், செங்குன்றம் பக்கம் போனால் தகரக்கூரை போட்ட பெரிய பெரிய கிடங்குகள் வரிசையாக நிற்கின்றன. பி.பி.ஏ. லாஜிஸ்டிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் பலர் படிப்பின் ஒரு பகுதியாகவே அங்கே அப்ரண்டிஸாகச் சேர்கிறார்கள். இதைப் பற்றி வீட்டில் ஒன்று சொல்வார்கள், சீனியர்கள் ஒன்று சொல்வார்கள், ஆள் சேர்த்துவிடும் ஏஜென்சிக்காரர் வேறொன்று சொல்வார். மூன்றிலும் பாதி அரைகுறை. அடிக்கடி காதில் விழும் ஏழு நம்பிக்கைகளை மட்டும் இங்கே சட்டத்தோடும் நடைமுறையோடும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: அப்ரண்டிஸ் என்றால் ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்குத்தான்.

உண்மை: தொழிற்பழகுநர் சட்டம் 1961இல் வந்தபோது ஃபிட்டர், டர்னர் போன்ற தொழிற்பிரிவுகளே அதன் மையமாக இருந்தன. 1973இல் செய்த திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோ படித்தவர்களையும் உள்ளே கொண்டுவந்தது. 2014 திருத்தத்துக்குப் பிறகு கலை, வணிகம், மேலாண்மை படித்தவர்களுக்கும் கதவு திறந்தது. படிப்போடு சேர்ந்த அப்ரண்டிஸ் பயிற்சிக்கு யு.ஜி.சி. 2020இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட லாஜிஸ்டிக்ஸ் துறைத் திறன் கவுன்சில், கல்லூரிகளோடு சேர்ந்து இப்படிப்பட்ட பி.பி.ஏ. படிப்பை நடத்திவருகிறது. ஸ்பேனர் பிடிக்காதவரும் சட்டப்படி அப்ரண்டிஸ்தான்.

நம்பிக்கை 2: கிடங்கில் பெட்டி எண்ணுவதைத் தவிர என்ன இருக்கிறது? அதில் மேலாண்மை எங்கே வந்தது?

உண்மை: பெட்டி எண்ணுவதில்தான் மேலாண்மை தொடங்குகிறது. கணினியில் 48 பெட்டி இருப்பதாகக் காட்டுகிறது. ரேக்கில் போய் எண்ணினால் 46. அந்த இரண்டு பெட்டி எங்கே போயிற்று? லாரியிலிருந்து இறக்கும்போதே குறைவாக வந்து, வரவுச் சீட்டில் முழு எண்ணிக்கையும் ஏறிவிட்டதா? பக்கத்து ரேக்கில் யாராவது தவறி வைத்துவிட்டார்களா? வெளியே போன ஆர்டரில் கூடுதலாக ஏறிவிட்டதா? உடைந்த பெட்டியைத் தனியே எடுத்து வைத்தவர் கணினியில் பதியவில்லையா? ஒவ்வொரு காரணத்துக்கும் பொறுப்பு வேறு ஆளிடம் இருக்கிறது, தீர்வும் வேறு. செக்யூரிட்டி, லோடிங் ஆட்கள், ஸ்கேனர் வைத்திருப்பவர், பில்லிங் ஊழியர் என்று நான்கு பேரிடம் பேசி, யாரையும் திருடனாக்காமல் விடை கண்டுபிடிப்பவர் சூப்பர்வைசர் ஆகத் தயாராகிவிட்டார் என்று பொருள்.

சரக்கோடு போகவேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டான இ-வே பில் இன்னொரு பாடம். தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்கு ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் இ-வே பில் வேண்டும். மாநில எல்லை தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேலேயே வேண்டும். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது செல்லுபடிக் கணக்கு. ஒரகடத்திலிருந்து கோவைக்கு லாரி அனுப்பினால் மூன்று நாள் கிடைக்கும். வழியில் வண்டி பழுதாகி நின்றுவிட்டால், கெடு முடியும் நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்போ பின்போ நீட்டிப்பு வாங்க வேண்டும். அந்த நேரத்தில் டிரைவருக்கு யார் போன் செய்வது, மாற்று வண்டி யார் ஏற்பாடு செய்வது, வாடிக்கையாளரிடம் யார் பதில் சொல்வது? தேர்வுத்தாளில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வருகிற விதி, இரவு பதினொரு மணிக்கு ஒரு முடிவாக எடுக்கப்படும்போதுதான் மண்டையில் ஏறும்.

நம்பிக்கை 3: மாதா மாதம் பணம் வருகிறது, அப்படியானால் அது சம்பளம்தானே. பி.எஃப். பிடிப்பார்கள், இன்சென்டிவும் கிடைக்கும்.

உண்மை: சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர், தொழிலாளர் அல்லர். வருவது உதவித்தொகை. இந்தச் சட்டத்தின்கீழ் சேர்ந்தவர்களுக்குப் பி.எஃப்.உம் இல்லை, இ.எஸ்.ஐ.யும் இல்லை. பட்டதாரி, பட்டப்படிப்பு அப்ரண்டிஸுக்கு மாதம் குறைந்தது ரூ.9,000 என்று 2019 விதிகள் வகுத்தன. உதவித்தொகையை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று 2025இல் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் பரிந்துரைத்தது. ஆகவே சேரும் நாளில் எந்தத் தொகை நடப்பில் இருக்கிறதென்று பார்த்துக்கொள்ளுங்கள். தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டமான நாட்ஸ் வழியாகச் சேர்ந்தால், குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது.

இன்சென்டிவ் விஷயம் பலருக்கும் தெரியாதது. 13ஆம் பிரிவின்படி அப்ரண்டிஸுக்குப் பீஸ்ரேட் கணக்கில் பணம் தரக்கூடாது. உற்பத்தி போனஸ் திட்டத்தில் கட்டாயமாகச் சேர்க்கவும் கூடாது. ‘மணிக்கு இத்தனை பெட்டி எடுத்தால்தான் முழுத்தொகை’ என்று யாராவது சொன்னால், அங்கே பயிற்சி நடக்கவில்லை.

நம்பிக்கை 4: தொழிலாளர் இல்லை என்றால், அடிபட்டால் நம் பாடுதான்.

உண்மை: கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிறது, ஆறேழு அடுக்கு உயரத்தில் பேலட் இருக்கிறது. ஆபத்து இல்லாத இடமில்லை. பயிற்சியின்போதும் பயிற்சி காரணமாகவும் காயம் ஏற்பட்டால் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ஒப்பந்தம் பதிவாகியிருக்க வேண்டும். பதிவில்லாமல் ‘ட்ரெய்னி’ என்று அடையாள அட்டை மட்டும் மாட்டிக்கொண்டிருப்பவர், அடிபட்ட பிறகு தான் யார் என்பதை நிரூபிக்கவே அலைய வேண்டியிருக்கும்.

நம்பிக்கை 5: பண்டிகை சீசனில் நள்ளிரவு வரை நிறுத்திவைத்தால் கேட்க முடியாது.

உண்மை: 2014 திருத்தத்துக்குப் பிறகு வேலை நேரத்தை நிறுவனமே முடிவு செய்கிறது, அது உண்மை. ஆனால் ஓவர்டைம் வேறு. அரசு நியமிக்கும் அப்ரண்டிஸ் ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. அந்த ஒப்புதலும் பயிற்சியின் நலனுக்காகவோ பொதுநலனுக்காகவோதான் கிடைக்கும். தீபாவளி ஆர்டர் குவிந்துவிட்டது என்பது பயிற்சியின் நலன் ஆகாது. விடுமுறையும் அந்த நிறுவனத்தில் மற்றவர்களுக்கு உள்ளபடியே அப்ரண்டிஸுக்கும் உண்டு.

நம்பிக்கை 6: பயிற்சி முடிந்தால் அங்கேயே வேலை நிச்சயம்.

உண்மை: பெற்றோர் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். பயிற்சி முடித்தவருக்கு வேலை தரவேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை, தந்தாலும் ஏற்கவேண்டிய கட்டாயம் அப்ரண்டிஸுக்கும் இல்லை. 2014 திருத்தத்துக்கு முன் 22ஆம் பிரிவு அப்படியே சொன்னது. இப்போது, பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பதற்கான கொள்கையை நிறுவனமே வகுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. பயிற்சிக்குப் பிறகு அந்த நிறுவனத்திலேயே பணியாற்ற வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், நிறுவனம் தகுந்த வேலை தரக் கட்டுப்பட்டது, அப்ரண்டிஸும் சேரக் கட்டுப்பட்டவர். மேலாளர் டீக்கடையில் கொடுத்த வாக்குறுதி இந்தக் கணக்கில் வராது.

நம்பிக்கை 7: மூன்று வருடமாக டிஸ்பாட்சில் வேலை பார்க்கிறேன், நானும் பட்டதாரி அப்ரண்டிஸாகி மேலாண்மைச் சான்றிதழ் வாங்கிவிடலாம்.

உண்மை: நாட்ஸ் திட்டத்தில் பட்டதாரி அப்ரண்டிஸ் பயிற்சி புதிதாகப் படிப்பு முடித்தவர்களுக்கானது. ஓராண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவமோ பயிற்சியோ உள்ளவர் அதில் பட்டதாரி அப்ரண்டிஸாகச் சேர முடியாது. வேலையை விட்டுவிட்டு உதவித்தொகைக்கு இறங்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு வேறு வழிகள் உண்டு. யு.ஜி.சி. அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டம் ஒன்று. கைப்பழக்கமாகக் கற்ற திறனை மதிப்பிட்டுச் சான்று தரும் முன்கற்றல் அங்கீகாரத் திட்டம் இன்னொன்று. பத்தாண்டு கிடங்கு அனுபவம் இருந்தும் காகிதத்தில் ஒன்றும் இல்லாதவருக்கு இரண்டாவது வழி அதிகம் உதவும்.

இந்த ஏழு நம்பிக்கைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஒரே கிடங்கு, ஒரே உதவித்தொகை, ஒரே பயிற்சிக் காலம். ஒருவர் வரவு, இருப்பு, அனுப்புதல், போக்குவரத்து, பில்லிங் என்று எல்லாப் பிரிவும் சுற்றி வருகிறார். இன்னொருவர் முதல் நாள் கொடுத்த ஸ்கேனரோடு கடைசி நாள் வரை அதே வாசலில் நிற்கிறார். முதலாமவர் பெற்றது பயிற்சி, இரண்டாமவர் கொடுத்தது மலிவான உழைப்பு. இந்த வித்தியாசத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒப்பந்தமும் அதோடு வரும் பயிற்சித் திட்டமும்தான்.

எனவே கையெழுத்துப் போடும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். ஒப்பந்தம் அரசுத் தளத்தில் பதிவாகிறதா, பதிவு எண் என்ன? எந்தெந்தப் பிரிவில் எத்தனை வாரம் என்று எழுத்தில் இருக்கிறதா? எனக்குச் சொல்லித்தரப்போகிறவர் யார்? முடிவில் கிடைக்கும் சான்றிதழை யார் தருகிறார்கள்? பதில் சரியாக இல்லையென்றால் கல்லூரியின் பயிற்சிப் பொறுப்பாசிரியரிடம் முதலில் சொல்லுங்கள். அங்கேயும் தீரவில்லையென்றால், நாட்ஸ் வழியாகச் சேர்ந்தவர்களுக்குச் சென்னை தரமணியில் தென்மண்டல அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம் இருக்கிறது. கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. சேர்ந்த பிறகு கேட்பதைவிடச் சேரும் முன் கேட்பது நல்லது.