குழாய்க்குள் தங்கிய மழை

கேள்வி: எங்கள் தோட்டத்தில் ராஸ்பெரி பை கொண்டு ஒரு மழைமானி செய்தோம். பைத்தன் நிரல் நிமிடத்துக்கு ஒரு வரி எழுதும். அதை ‘பைப்’ வழியாக ஆக் நிரல் வாங்கிக் கூட்டி, 24 மணி நேர மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மணி அடிக்க வேண்டும். பைத்தனைத் தனியே ஓட்டினால் வரிகள் உடனுக்குடன் திரையில் வருகின்றன. இணைத்தால் மணிக்கணக்கில் சத்தமே இல்லை. பிறகு மொத்தமாகக் கொட்டுகிறது. யார் இப்படி வைத்தது?
- ஒரு வாசகர், தெரணியகலை

பதில்: பைப்பைக் கண்டுபிடித்தவர்கள் மேல் பழி இல்லை. நிரல்களைத் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்கள் போல ஒன்றோடொன்று திருகி மாட்ட வேண்டும் என்று பெல் ஆய்வுகூடத்து டக்ளஸ் மக்கில்ராய் 1964 ஒக்டோபரில் ஒரு குறிப்பு எழுதினார். கென் தொம்சன் 1973இல் அதை யுனிக்ஸில் ஒரே இரவில் செய்து முடித்தார்.

தாமதம் வந்தது சி மொழியின் உள்ளீட்டு வெளியீட்டு நூலகத்தால். 1979இன் ஏழாம் பதிப்பு யுனிக்ஸோடு அது பரவியது. ஒவ்வொரு வரிக்கும் இயக்குதளத்தின் மையமான கேர்னலைக் கூப்பிட்டால் அன்றைய இயந்திரம் திணறும். ஆகவே எதிரே திரை இருந்தால் உடனுக்குடன் அனுப்பு, பைப் இருந்தால் பஃபர் எனும் தற்காலிகச் சேமிப்பிடம் நிரம்பும்வரை சேர்த்து வை என்றார்கள் அதை எழுதியவர்கள். பைத்தனுக்கும் அதே பழக்கம். சம்பளப் பட்டியலுக்கு இது புத்திசாலித்தனம், மழைக்கு அல்ல. வரிக்கு 20 பைட், பஃபர் 4096 பைட் என்றால் சுமார் 200 வரிகள் சேர வேண்டும்: மூன்று மணி நேரத்துக்கும் மேல். 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்ததைப் பார்த்த உங்கள் கேகாலை மாவட்டத்தில் அது சின்ன நேரமா?

வாங்கும் பக்கத்திலும் ஒரு கள்ளன் உண்டு. ராஸ்பெரி பையில் ஆக் என்ற பெயரில் வழக்கமாக இருப்பது மாக். வேகத்துக்குப் பேர்போனது, ஆனால் தன் உள்ளீட்டுப் பஃபர் நிரம்பும்வரை முதல் வரியைக்கூடத் தொடாது. ‘டபிள்யூ இன்டராக்டிவ்’ என்ற தெரிவைக் கொடுத்தால் வரிவரியாக வாசிக்கும். அல்லது ஜிஎன்யூ ஆக்கை நிறுவுங்கள். பைத்தனுக்கு ‘யூ’ தெரிவு போதும். பஃபர் பழக்கத்தை மாற்றும் ‘எஸ்டிடிபஃப்’ கட்டளையைப் போடச் சொல்லிப் பலர் வருவார்கள். பைத்தனிடமும் மாக்கிடமும் அது பலிக்காது.

எதைத் திருத்துவது என்று தெரிய, ஆக் இருக்கும் இடத்தில் ‘கேட்’ கட்டளையைப் போட்டுப் பாருங்கள். வரிகள் உடனே வந்தால் குற்றம் ஆக்கிடம். வராவிட்டால் முதலில் பைத்தனைத் திருத்திவிட்டு, ஆக்கையும் சோதியுங்கள். மணி அடிக்கத் தொடங்கினாலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்பதை விட்டுவிடாதீர்கள்.