இழுப்பது பெரிதா, நிறுத்துவது பெரிதா?

வைகாசித் திருவிழாவில் வரதராஜப் பெருமாள் கோயில் தேரைக் காண நம் ஊரே திரளும். எல்லோருடைய கண்களும் வடம் பிடிப்போரையே நாடும். சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையுடன் நடந்து வருவோரைக் கவனிப்பவர் சிலரே. ஆனால், தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன.

டிராக்டருக்கும் இதே பாடந்தான். எங்கள் சிற்றூரில் என் சித்தப்பா ஒரு சிறிய டிராக்டர் வைத்திருக்கிறார். அதன் ஆற்றல் 18 குதிரைத்திறன். எடை முக்கால் டன். சமதரையில் அது 2 டன் பெட்டியையும் இழுத்துவிடும். ஏரிக்கரையிலிருந்து இறங்கும்போதுதான் ஆபத்து.

தோழியரே, சிறிது கணக்குப் போடுவோம். 10 அடிக்கு 1 அடி தாழும் சரிவில், பெட்டியின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு முன்னோக்கித் தள்ளும். 2 டன் பெட்டி என்றால் அது சுமார் 200 கிலோ எடைக்குச் சமம். பெட்டிக்குத் தனி பிரேக் இல்லாவிட்டால், அந்தச் சிறிய டிராக்டரே இரண்டையும் நிறுத்தியாக வேண்டும். வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதை வகுப்பில் படித்திருக்கிறோம்.

சென்ற அறுவடையின்போது, டீசலை மிச்சப்படுத்த எண்ணிச் சித்தப்பா சரிவில் கியரை நியூட்ரலில் விட்டார். வேகம் மிகுந்தது. பிரேக்கை மிதித்ததும் பெட்டி பக்கவாட்டில் மடங்கிக் கவிழ்ந்தது. நெல் மூட்டைகள் சிதறின. நல்லவேளையாக அவருக்குக் காயமில்லை. அதற்கு முந்திய வாரந்தான் கல்யாணப் பட்டெடுக்க நாங்கள் பன்னிரண்டு பேர் அதே பெட்டியில் அமர்ந்து காஞ்சிபுரம் வந்திருந்தோம்! அதை நினைத்தால் இன்றும் உடல் நடுங்குகிறது.

அன்று முதல் எங்கள் வீட்டில் கடைப்பிடிக்கும் விதிகள் இவை:

1. சரிவில் இறங்குமுன்பே குறைந்த கியருக்கு மாற்ற வேண்டும், நியூட்ரல் கூடாது.

2. வயலில் தனித்தனியாக மிதிக்கும் இடது, வலது பிரேக்குகளைச் சாலையில் ஒன்றாகப் பூட்ட வேண்டும். ஒன்று மட்டும் பிடித்தால் வண்டி திரும்பிவிடும்.

3. பெட்டியைத் தாழ்வான கொக்கியில்தான் மாட்ட வேண்டும். உயரத்தில் கட்டி இழுத்தால் முன்சக்கரங்கள் மேலெழும்பி, டிராக்டர் பின்புறமாகக் கவிழக்கூடும்.

4. இரு சக்கரப் பெட்டியில் சுமை சற்று முன்பக்கமாக இருக்கட்டும். பின்பாரம் மிகுந்தால் டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும்.

5. கழற்றுமுன் பெட்டியின் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும்.

6. பெட்டியிலும் மட்கார்டிலும் யாரும் ஏறக் கூடாது. சரக்குப் பெட்டியில் ஆட்களை ஏற்றிச் செல்வது சட்டப்படியும் குற்றமாகும்.

பெற்றோரே, கல்யாணமானாலும் திருவிழாவானாலும் பேருந்திலேயே வாருங்கள். தோழியரே, பெட்டியில் ஏறச் சொன்னால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். "எல்லாவற்றுக்கும் முட்டுக்கட்டை போடுகிறாளே" என்று பாட்டி கடிந்துகொள்ளலாம். போட்டால் என்ன? தேரைக் காப்பதும் அந்தக் கட்டைதானே!