இழுக்காத ஜீப்பைச் சக்கரத்திலிருந்து பார்க்க வேண்டும்

பழைய டீசல் ஜீப் இழுக்கவில்லை என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் வரும் பேச்சு, "இஞ்சின் போச்சு, இறக்கிடலாம்" என்பதுதான். நாராயணவனம், புத்தூர், நகரி வட்டாரத்தில் அப்படி இறக்கிப் பிரித்த இஞ்சின்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். பிஸ்டனும் லைனரும் நன்றாக இருக்கும். குறை வேறெங்கோ இருந்திருக்கும். புது ரிங் போட்டு, ஹெட் வேலை செய்து, மறுபடி ஏற்றி ஓட்டினால் அதே மந்தம். அதனால் என் வண்டியில் நான் கடைப்பிடித்து வரும் வரிசையைச் சொல்கிறேன். அது சக்கரத்தில் தொடங்கி இஞ்சினில் முடிகிறது.

என்னிடம் இருப்பது அப்பா காலத்து மஹிந்திரா எம்.எம். 540. பியூஜோ எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் இஞ்சின், 2112 சி.சி., புதிதில் 4500 ஆர்.பி.எம்.மில் 62 குதிரைத்திறன். இன்றைக்கு வரும் சின்னக் கார்களே இதைவிட பலமானவை. இதை முதலில் மனதில் வைக்க வேண்டும். புதுக் காரை ஓட்டிவிட்டு வந்து ஜீப்பில் ஏறினால் எந்த ஜீப்பும் மந்தமாகத்தான் தெரியும். நேற்றைய இதே வண்டியோடுதான் இன்றைய வண்டியை ஒப்பிட வேண்டும். அதற்கு ஒரு மேடு வேண்டும். எனக்கு அது சிங்கிரிகோனைக்குப் போகும் வழி. நரசிம்மர் கோயிலுக்கு ஏறும் அந்தப் பாதையில் எந்த இடத்தில் எந்த கியரில் போவேன் என்பது எனக்குத் தெரியும். மூன்றாவதில் ஏறிய இடத்தில் இரண்டாவது கேட்டால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

மாம்பழக் காலத்தில்தான் அது வெளியே வரும். ஜூன், ஜூலையில் பெங்களூரா காய் கிரேட்டுகளை ஏற்றி, மலையடித் தோப்பிலிருந்து ஆரணியாற்று மணலைத் தாண்டி வரும்போது, வெறும் வண்டியில் மறைந்திருந்த குறை எல்லாம் பாரத்தில் தெரிந்துவிடும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. பெடலை அடிவரை அமுத்தியும் வண்டி முனகியதே தவிர நகர மறுத்தது.

முதல் கேள்வி: இஞ்சின் பலம் கொடுக்கவில்லையா, கொடுத்த பலத்தை வழியில் எதுவோ தின்கிறதா? இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. சமமான தார் ரோட்டில் நியூட்ரலில் போட்டு இரண்டு பேர் தள்ளிப் பாருங்கள். நல்ல ஜீப் முதல் உந்தலுக்குப் பிறகு தானே உருளும். உருளவில்லையென்றால் பிரேக் பிடித்திருக்கிறது. சிறிது தூரம் ஓட்டி நிறுத்திவிட்டு ஒவ்வொரு டிரம் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், அருகில் போனாலே சூடு தெரியும். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கத்து வீல் சிலிண்டர் துருப்பிடித்து இறுகியிருக்கும். ஆற்றில் இறங்கி ஏறும் வண்டிகளுக்கு இது வழக்கம். பழைய ஜீப்புகளில் ஹேண்ட்பிரேக் டிரம் சக்கரத்தில் இருக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், ஷாஃப்டின் தலையில் இருக்கும். அங்கே யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அதையும் பாருங்கள்.

டயரும் இந்தக் கணக்கில்தான் வரும். 6.00-16 டயர் வந்த வண்டிக்கு அழகுக்காக 31 அங்குல டயர் போடுகிறார்கள். உயரம் சுமார் 8 சதவீதம் கூடுகிறது. அதே அளவுக்கு எல்லா கியரும் நீண்டுவிடுகிறது. 62 குதிரையில் 8 சதவீதத்தை விட்டுக்கொடுக்க இடமே இல்லை. அகன்ற டயர் மணலில் மிதக்கும், உண்மை. ஆனால் ஆக்சில் பல்விகிதத்தை மாற்றாமல் டயரை மட்டும் மாற்றிவிட்டு இஞ்சினைக் குறை சொல்வது நியாயமில்லை.

கிளச் தேய்ந்திருந்தாலும் இழுவை போகும். டாப் கியரில் மெதுவாக ஓட்டிக்கொண்டே திடீரென்று பெடலை அமுத்தினால், சத்தம் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் அதுதான்.

அடுத்தது செலவே இல்லாத சோதனை. புத்தூரில் எனக்கு வேலை செய்து கொடுக்கும் மேஸ்திரி பானட்டைத் தூக்கியதும், ஸ்பானரைத் தொடுவதற்கு முன்பே, "நைனா, நீ உள்ளே உட்கார்ந்து பெடலை முழுசா அமுத்து, நான் பம்பைப் பார்க்கிறேன்" என்றார். அமுத்தினேன். "இன்னும் அமுத்துப்பா." "அவ்வளவுதான் மேஸ்திரி, தரை தட்டிடுச்சு." பம்பின் லீவர் கடைசி ஸ்டாப்பைத் தொடாமல் விரல் அகலம் தள்ளி நின்றது. ராடின் இணைப்புகள் தேய்ந்து, பெடலின் அசைவில் ஒரு பகுதி வழியிலேயே தொலைந்துபோயிருந்தது. காலடியில் போட்டிருந்த தடித்த ரப்பர் மேட் மீதியைத் தின்றிருந்தது. அதைச் சரி செய்ததிலேயே வண்டிக்குப் பாதி உயிர் வந்தது. இஞ்சின் மந்தம் என்று வரும் யாரிடமும் இப்போது நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பிறகு காற்று. இந்த வண்டிகளில் பல இன்னும் ஆயில் பாத் ஏர் கிளீனரோடு ஓடுகின்றன. செம்மண் தூசி எண்ணெயில் படிந்து சேறாகிவிடும்; காற்று போகும் வழி குறுகும்; புகை கறுக்கும். கோடையில் தோப்பு வழியாக ஓடினால் வாரத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். குறியிட்ட கோடுவரை மட்டுமே எண்ணெய் ஊற்ற வேண்டும். அதிகம் ஊற்றினால் இஞ்சின் அந்த எண்ணெயை உறிஞ்சி எரிக்கத் தொடங்கும், சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடும். அது ஆபத்தானது. மாங்காய் முடிந்து சில மாதம் நிறுத்திவைத்த வண்டியானால் காற்றுக்குழாயின் வாயில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். தறிக்கூடத்தின் பக்கத்தில் நிறுத்தும் வண்டிகளில் ரேடியேட்டர் இடுக்கில் பஞ்சு அடைத்திருக்கும். எங்கள் ஊரில் தறி இல்லாத தெரு குறைவு.

மே மாத மதியத்தில் மட்டும் மந்தம் என்றால் கவலை வேண்டாம். 20 டிகிரிக் காற்றைவிட 42 டிகிரிக் காற்று சுமார் 7 சதவீதம் மெலிந்திருக்கும். டர்போ இல்லாத இஞ்சினுக்கு அந்த அளவு மூச்சு குறையத்தான் செய்யும். பானட்டுக்குள் இருக்கும் கொதிக்கும் காற்றை இழுக்காமல் வெளிக்காற்றை இழுக்கும்படி குழாயை வைத்தால் கொஞ்சம் மீட்கலாம்.

இனி டீசல். பெரும்பாலான மந்தத்தின் வேர் இங்கேதான் என்பது என் அனுபவம், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பழைய டேங்கின் அடியில் துருவும் தண்ணீரும் சேறும் படிந்திருக்கும். ஐடிலில் ஓடும்போது சிறிதளவு டீசலே போதும், அதனால் குறை தெரியாது. பாரத்தோடு மேட்டில் அதிகம் கேட்கும்போது சேறு எழுந்து உறிஞ்சும் ஜாலியை மூடும். வண்டி மூச்சு முட்டும். நிறுத்திச் சிறிது நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் சேறு கீழே இறங்கியிருக்கும், வண்டி நன்றாகப் போகும், பிறகு மறுபடி முட்டும். இப்படி வந்து வந்து போகும் மந்தம் என்றால் டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள். டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைந்தாலும் இதே குறி காட்டும். மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைக்கும்.

சரியாகத் தெரியவில்லையென்றால் கேன் சோதனை செய்யலாம். சுத்தமான கேனில் வடிகட்டிய டீசல் எடுத்து, பானட் அருகே கட்டாயமாக அசையாதபடி கட்டி, புது ஹோஸ் மூலம் நேரே பம்புக்குக் கொடுங்கள். சைலன்சர் சூட்டுக்குத் தள்ளி வையுங்கள். அந்த நிலையில் மேட்டில் ஏறிப் பாருங்கள். இழுத்தால் பம்பும் நாசிலும் இஞ்சினும் நல்லவை. குற்றம் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில். இந்த ஒரு சோதனை பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும்.

நடுவில் என்ன இருக்கும்? ஃபில்டர்கள், ஃபீட் பம்பு, ரப்பர் ஹோஸ்கள். ஃபில்டர் எல்லோரும் மாற்றுகிறார்கள். ஹோஸை யாரும் மாற்றுவதில்லை. காய்ந்து வெடித்த ஹோஸ் டீசலை வெளியே கசியவிடாது, காற்றை உள்ளே இழுக்கும். தரையில் ஒரு சொட்டும் இருக்காது, அதனால் சந்தேகமும் வராது. பம்புக்கு முன்னால் ஒரு முழம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகப் போட்டு இஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் எங்கோ காற்று புகுகிறது. என் வண்டியில் குமிழி ஓடியது. டேங்க் பக்கத்துக் கிளிப்புக்கு அடியில் மயிரிழை வெடிப்பு.

2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. காற்றுக்கு நல்லது. ஆனால் பழைய டீசலில் ஊறி இறுகிய ரப்பர் சீல்கள் டீசலின் தன்மை மாறும்போது சுருங்கிக் கசிவதுண்டு. 1993 இல் அமெரிக்காவில் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோதும் பழைய பம்புகளில் இந்தக் கசிவு பரவலாக வந்தது. ஆகவே முப்பது வருடப் பம்பில் சீல் கிட் மாற்றியதில்லை என்றால், வேறு வேலைக்குக் கழற்றும்போது மாற்றிவிடுவது நல்லது. ரோட்டரி பம்புக்கு டீசலேதான் மசகு. தண்ணீர் கலந்த டீசல் அதை உள்ளுக்குள் அரித்துவிடும். வாட்டர் செபரேட்டர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

கேனில் கொடுத்தும் இழுக்கவில்லையென்றால் நாசிலுக்கு வரலாம். ஐடிலில் ஒவ்வொரு நாசிலின் யூனியன் நட்டாகச் சற்றுத் தளர்த்தினால், நல்ல சிலிண்டர் என்றால் இஞ்சின் தடுமாறும்; மாற்றமே இல்லையென்றால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. இதை மேஸ்திரியை வைத்தே செய்யுங்கள். கண்ணாடி அணிய வேண்டும், துணி சுற்ற வேண்டும், பீய்ச்சும் இடத்தில் கை போகவே கூடாது. 100 பாருக்கு மேல் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி குறைவாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

கழற்றிய நாசில்களைத் திருப்பதியில் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் பம்பு கடைக்குக் கொண்டுபோவேன். இந்தப் பக்கத்தில் இன்னும் மைக்கோ பம்பு என்றுதான் பேச்சு. பெங்களூரில் 1951 இல் தொடங்கிய அந்தக் கம்பெனி 2008 இல் பாஷ் என்று பெயர் மாறியதெல்லாம் கடைப்பேச்சில் ஏறவில்லை. அங்கே நின்று பாருங்கள். நல்ல நாசில் மெல்லிய மூடுபனியாகத் தெளிக்கும். கெட்டது சொட்டும், அல்லது ஒரு பக்கமாகப் பீய்ச்சும்.

பம்பில் முத்திரைக் கம்பி போட்ட ஃபுல் லோடு ஸ்க்ரூவை மட்டும் யாரையும் தொடவிடாதீர்கள். "அரைச் சுற்று ஏத்திட்டா பறக்கும்" என்பார்கள். ஒரு வாரம் பறக்கும். எரியாத டீசல் கரும்புகையாகப் போகும், சிலிண்டரின் சூடு ஏறும், ஹெட் கேஸ்கெட் போகும், கடைசியில் பிஸ்டன் தலை உருகும். காற்று போதாத இஞ்சினுக்கு டீசலைக் கூட்டுவதை நான் கொலை என்றே சொல்வேன்.

டேப்பட் இடைவெளி, பம்பு டைமிங் இரண்டும் இதற்குப் பிறகு. டைமிங் பின்தங்கினால் வெண்புகையும் மந்தமும் சேர்ந்து வரும். முந்தினால் இஞ்சின் இரும்பைத் தட்டுவதுபோல் அடிக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வண்டி இழுக்கவில்லை என்றால்தான் இஞ்சினுக்குள் பார்க்க வேண்டும். சூடான இஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் மேலேயே தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. புகையோடு துள்ளி விழுந்தால், மார்கழிக் காலையில் ஹீட்டர் பிளக் நன்றாக இருந்தும் வெகுநேரம் ஸ்டார்ட் ஆகாமல் இருந்தால், நீலப்புகையும் ஆயில் குறைவும் கூடவே இருந்தால், கம்ப்ரெஷன் கேஜ் வைத்து நான்கு சிலிண்டரையும் அளக்கச் சொல்லுங்கள். நான்கின் அளவையும் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் வால்வோ கேஸ்கெட்டோ ஆக இருக்கலாம், ஹெட்டைத் திறந்தால் போதும். நான்கும் ஒரே சீராகக் குறைந்திருந்தால் ரிங், லைனர் வேலை. அப்போது இஞ்சினை இறக்குங்கள். மாங்காய் வருவதற்கு முன், பிப்ரவரியிலேயே இறக்கிவிடுங்கள், ஜூனில் எந்த லேத்திலும் உங்களுக்கு இடம் கிடைக்காது.